டாமியா ஹார்னெட்டுக்கு ஸ்டீல் கியர் செட் தேவையா? மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்த விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் மாதிரி பழைய மாடல் ஆர்.சி. பக்கி, அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்னக் கார், வைத்திருக்கிறீர்கள், அதற்கு முழு ஸ்டீல் கியர் செட் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒரு ஸ்டீல் பினியன் (மோட்டார் ஷாஃப்ட்டில் மாட்டும் சின்னக் கியர்), கியர்பாக்ஸ் முழுக்க பால் பேரிங், கம்பெனி பிளாஸ்டிக் கியர் புதிதாக ஒரு செட், இந்த மூன்றையும் போட்டாலே பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். செலவும் குறைவு, வண்டியும் சத்தமில்லாமல் ஓடும். ஸ்டீல் செட் மோசம் என்று சொல்ல வரவில்லை, அதற்கும் ஒரு இடம் இருக்கிறது, ஆனால் அந்த இடம் நிறையப் பேர் நினைக்கிற இடம் இல்லை.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹார்னெட்டும் கிராஸ்ஹாப்பரும் 1984-ல் ஜப்பானின் டாமியா கம்பெனி வெளியிட்ட பக்கிகள். கிராஸ்ஹாப்பருக்கு 380 என்ற சின்ன மோட்டார், ஹார்னெட்டுக்கு 540 என்ற பெரிய மோட்டார். அடியில் இருக்கும் சேஸிஸும் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதே கியர்பாக்ஸை 1987-ல் லஞ்ச் பாக்ஸ் வேனுக்கும் மிட்நைட் பம்கின் லாரிக்கும் போட்டார்கள். ஹார்னெட் 2004-லும் கிராஸ்ஹாப்பர் 2005-லும் மறுபடி கடைக்கு வந்தன, அதனால்தான் இன்றைக்கும் உதிரி பாகம் கிடைக்கிறது, அதனால்தான் வெளிக் கம்பெனிகளும் இதற்கென்று ஸ்டீல் கியர், அலுமினியம் கை, ஆக்சில் என்று ஏதேதோ செய்து விற்கின்றன. என் கையில் இருப்பது மறுவெளியீட்டு ஹார்னெட். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், முந்தைய ஆள் அதில் பிரஷ்லெஸ் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாத, சக்தி அதிகமான வகை) போட்டு ஓட்டியிருந்தார், கியர்பாக்ஸைத் திறந்தபோது உள்ளே பல் எல்லாம் கத்தி முனை மாதிரி மெலிந்துபோய் இருந்தது. எதைப் போடலாம் என்ற கேள்வி அப்படித்தான் வந்தது.

பதில் சொல்வதற்கு முன்னால் அந்தப் பல் ஏன் அப்படி ஆனது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் காரணம் தெரியாமல் ஸ்டீல் போட்டால் அதே காரணம் ஸ்டீலையும் தின்னும், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பதைத் தின்னும். பிளாஸ்டிக் என்பதால் தேய்ந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கிராஸ்ஹாப்பர்களை 380 மோட்டாரோடு இன்றும் அதே கியரில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பிளாஸ்டிக் கியர், சரியான இடத்தில் நின்று, சரியான ஜோடியோடு சுற்றினால் ரொம்ப நாள் தாங்கும். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவதுதான் சிக்கல்.

முதல் குற்றவாளி புஷ். இந்த கிட்களில் ஷாஃப்ட் முனைகளில் பேரிங்குக்குப் பதிலாக புஷ்தான் வரும், உள்ளே குண்டுகள் இல்லாத வெறும் வளையம். புதிதாக இருக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஆனால் மண்ணிலும் புழுதியிலும் ஓட ஓட புஷ்ஷின் துளை அகலமாகிறது, ஷாஃப்ட்டுக்கு ஆட்டம் வந்துவிடுகிறது, லோடு ஏறும்போது இரண்டு கியரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகுகின்றன. பல்லின் முழு உயரமும் பிடிக்க வேண்டிய இடத்தில் நுனி மட்டும் பிடிக்கிறது. நுனி மெல்லியது, அங்கேதான் சிராய்ப்பு ஆரம்பிக்கும், அப்புறம் ஒரு நாள் வேகமாக ஆக்சிலரேட்டரை இழுத்தால் டர்ர்ர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடைந்த கியரைக் கையில் எடுத்துப் பார்த்தால் பல்லின் அடிப்பாகம் புதிது மாதிரியே இருக்கும், நுனி மட்டும் போயிருக்கும். அப்படி இருந்தால் குற்றம் கியர் மேல் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

இரண்டாவது பினியன். கடையில் மலிவாகக் கிடைக்கும் பினியன்களில் நிறைய மெத்தென்ற அலுமினியம். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஓட ஓட அதன் மேல்தோல் உரிந்து கருப்பு மாவாக உதிரும், அந்த மாவு அலுமினியம் ஆக்சைடு, உப்புத்தாளில் இருக்கிற அதே சமாச்சாரம். கிரீஸோடு கலந்து கருப்புப் பசையாகி அது பிளாஸ்டிக் கியர் மேல் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் பல்லை அரைக்கிறது. என் வண்டியின் கியர்பாக்ஸைத் திறந்தபோது விரலில் ஒட்டிய பசையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று இருந்தது. வெறும் கிரீஸ் அப்படி இருக்காது. பினியனின் பல்லும் ஒரு பக்கமாகக் கொக்கி போல் வளைந்து தேய்ந்திருந்தது. அந்த மாதிரி பினியனோடு எந்தப் புது பிளாஸ்டிக் கியரைப் போட்டாலும் சீக்கிரமே போய்விடும்.

மூன்றாவது சூடு. இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 540 மோட்டாரைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் அந்தச் சூடு ஷாஃப்ட் வழியாக பினியனுக்கு வருகிறது, பினியனிலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பல்லுக்குப் போகிறது. சூடான பிளாஸ்டிக் இளகும், இளகின பல் லோடு தாங்காது. மோட்டாரின் மேல் விரலை வைத்து எடுக்க வேண்டியிருந்தால், அதாவது வைத்தபடி இருக்க முடியவில்லை என்றால், கியரையும் சேர்த்துத்தான் வேக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, இப்போது நான் போட்டுப் பார்த்தவற்றுக்கு வருகிறேன்.

முதலில் முழு ஸ்டீல் செட். பேர் போடவில்லை, ஏனென்றால் இதே மாதிரி பெட்டியில் இதே மாதிரி கியர்கள் நாலைந்து பேரில் விற்கின்றன, எல்லாம் ஒரே பட்டறையிலிருந்து வருகின்றனவா என்றுகூட எனக்குச் சந்தேகம். வெளிநாட்டு ஆன்லைன் கடையில் வாங்கினேன். பார்சல் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்தால் பொருளின் விலையை விடக் கூடத்தான் வந்தது, நம் ஊரிலிருந்து வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கியர்கள் எண்ணெய் தடவி பிளாஸ்டிக் பையில் வந்தன. துரு இல்லை. கையில் எடுத்ததும் முதலில் தெரிவது எடை. ஸ்டீலின் அடர்த்தி பிளாஸ்டிக்கைப் போல ஐந்தாறு மடங்கு, அதே வடிவத்தில் செய்தால் எடையும் அப்படியேதான் வரும். கொஞ்சம் எடையைக் குறைக்க நடுவில் துளை போட்டிருக்கிறார்கள், இருந்தாலும் கனம் கனம்தான்.

பல்லைக் கிட்ட வைத்துப் பார்த்தேன். வெட்டியிருக்கும் விதம் பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் பிசிர். விரலை ஓட்டினால் கீறும். அதை அப்படியே போட்டால் அந்தப் பிசிர் உடைந்து உள்ளேயே சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் அரைக்கும், அதனால் ஒரு பித்தளைப் பிரஷும் மெல்லிய உப்புத்தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பல் பல்லாகத் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, காற்றடித்து எடுக்க வேண்டியிருந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு இந்த வேலையை நாம் செய்ய வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் நடுக் கியரை ஷாஃப்ட்டில் கோர்த்து விரலால் சுழற்றிப் பார்த்தால் லேசாக ஆடிக்கொண்டு சுற்றியது. துளை நடுவில் இல்லை, ஒரு மயிரிழை தள்ளியிருக்கிறது. பிளாஸ்டிக் கியரில் அந்த அளவு கோணல் இருந்தால் பல் கொஞ்சம் வளைந்துகொடுத்துச் சமாளித்துவிடும். ஸ்டீல் வளைந்துகொடுக்காது. ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தளர்ச்சி என்று மாறி மாறி வரும்.

இங்கேதான் ஹார்னெட் கியர்பாக்ஸின் அமைப்பு முக்கியமாகிறது. இப்போதைய பந்தய பக்கிகளில் மோட்டாரை முன்னே பின்னே நகர்த்தி பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய கியரான ஸ்பர் கியருக்கும் நடுவே இடைவெளியை அட்ஜஸ்ட் செய்யலாம். ஹார்னெட்டில் அது கிடையாது. திருகு போடும் துளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் மோட்டார். ஆக, கியர் ஒரு துளி பெரிதாக வெட்டப்பட்டிருந்தாலோ கோணலாக இருந்தாலோ நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. என் செட்டில் ஓர் இடத்தில் இறுக்கம் இருந்தது. பேட்டரி போடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் விரலுக்குத் தெரியும்.

ஓட்டிப் பார்த்தேன். சத்தம்! ஹார்னெட் சாதாரணமாகவே அமைதியான வண்டி இல்லை, ஆனால் இது வேறு ரகம், மிக்சியில் மஞ்சள் கிழங்கு அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு, தெருமுனை வரை கேட்டது. வேகம் எடுப்பதும் ஒரு நூல் மந்தமாகத்தான் இருந்தது, சுற்றுகிற பாகத்தில் கனம் கூடினால் அப்படித்தான் ஆகும், மோட்டாரின் உழைப்பில் ஒரு பங்கு கியரைச் சுழற்றவே போய்விடுகிறது. கொஞ்ச நாள் ஓட்டியபின் திறந்து பார்த்தபோது கியரில் பல் ஒன்றுகூடச் சேதமில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கிரீஸ் வெள்ளிப் பொடி கலந்து சாம்பல் நிறமாக மாறியிருந்தது, ஸ்டீலும் ஸ்டீலும் உரசி ஒன்றையொன்று பழக்கிக்கொண்டதன் அடையாளம். கியர்பாக்ஸ் ஓட்டின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், ஷாஃப்ட் உட்காரும் குழிக்குப் பக்கத்தில், மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. பிளாஸ்டிக் அளவுக்கு மீறி வளைந்தால் வருமே, அந்த வெள்ளை.

அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு முடிவு தெளிவானது. இந்த வண்டியில் ஸ்லிப்பர் கிளட்ச், அதாவது அதிர்ச்சி வந்தால் வழுக்கிவிட்டுக் கியரைக் காப்பாற்றும் பாகம், கிடையாது. சக்கரம் கல்லில் மாட்டி நின்றாலும், குதித்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் பிடித்திருந்தாலும், அந்த அதிர்ச்சி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக் கியர் இருந்தால் அது அங்கே உடையும், சில நூறு ரூபாயில் முடியும். ஸ்டீல் போட்டுவிட்டால் கியர் உடையாது, அதிர்ச்சி அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். டிஃபுக்குள் (இரண்டு பின் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல்) இருக்கும் சின்ன பெவல் கியர்களுக்குப் போகலாம், நான் வாங்கிய செட்டில் அவை இல்லை, பழையதையேதான் போட வேண்டும். ஆக்சிலுக்குப் போகலாம். கியர்பாக்ஸ் ஓட்டுக்கே போகலாம். ஓடு போனால் அதுதான் பெரிய செலவு, ஏனென்றால் ஹார்னெட்டில் பின் ஆக்சில் குழாயும் கியர்பாக்ஸ் ஓடும் சேர்ந்தே வருகின்றன, சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது அந்த மொத்தக் கட்டும்தான் ஏறி இறங்குகிறது.

ஸ்டீல் கியர் வேண்டுமென்றால் அதைத் தாங்குகிற ஓடும் வேண்டும். 1979-ல் வந்த சாண்ட் ஸ்கார்ச்சரைப் பாருங்கள், அதன் கியர்பாக்ஸ் ஓடே வார்ப்பு உலோகம். ஐந்து வருஷம் கழித்து வந்த ஹார்னெட்டில் டாமியா பிளாஸ்டிக் ஓடு போட்டது விலையைக் குறைக்க, எடையைக் குறைக்க, பள்ளிக்கூடப் பையன் ஒருவனே கட்டி ஓட்டும்படியாக இருக்க. அந்த ஓட்டுக்குப் பொருத்தமாகத்தான் உள்ளே பிளாஸ்டிக் கியர் வைத்தார்கள். வளைகிற ஓட்டுக்குள் வளைகிற பல். இதில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது திணறும்.

இரண்டாவது வழி, டெல்ரின் கியர். இதைக் கடையில் வாங்கவில்லை, கோயம்புத்தூரில் செய்யப் பார்த்தேன். டெக்ஸ்டைல் மெஷினுக்குக் கியர் வெட்டிக் கொடுக்கும் சின்னப் பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு, டெல்ரின் உருளையும் சுலபமாகக் கிடைக்கும். பழைய கியரைக் கொண்டுபோய் ஒரு பட்டறையில் காட்டினேன். பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பல்லை எண்ணினார், வெர்னியரை வைத்து வெளிவட்டத்தை அளந்தார். வெளிவட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிய எண்ணால் வகுத்தால் பல்லின் அளவைச் சொல்லும் மாட்யூல் வந்துவிடும், காகிதம்கூட இல்லாமல் மனசிலேயே வகுத்தார். "பாயிண்ட் எட்டு மாட்யூல் வருதுங்க தம்பி. நம்மகிட்ட ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டுக்குத்தான் ஹாப் இருக்குது. ஒரு கியருக்காக ஹாப் வாங்குனா உங்களுக்குக் கட்டுபடியாகாதுங்க" என்றார். ஹாப் என்றால் கியரின் பல்லை வெட்டும் கருவி. "அண்ணா, பத்துப் பேருக்குச் சேர்த்துச் செஞ்சா?" என்று கேட்டேன். "அப்பப் பார்க்கலாமுங்க" என்றார். நேர்மையான பதில். தெரியாத வேலையை எடுத்துக்கொண்டு கெடுத்துக் கொடுப்பவர்கள் நடுவில் இப்படி ஒருவர் சொன்னது எனக்கு மரியாதையாகப் பட்டது.

அப்புறம் வேறொருவர் சின்ன மாட்யூல் வெட்டுகிறார் என்று தெரிந்து அவரிடம் நடுக் கியர் மட்டும் டெல்ரினில் வெட்டி வாங்கினேன். அருமையான வேலை. பல் கண்ணாடி மாதிரி வழவழவென்று, துளை கச்சிதமாக, ஷாஃப்ட்டில் கோர்த்தால் ஒரு ஆட்டமும் இல்லை. டெல்ரின் என்பது அசிட்டால் வகைப் பிளாஸ்டிக், நைலானைவிட விறைப்பானது, ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் மழைக்காலத்தில் ஒரு அளவு வெயிலில் ஒரு அளவு என்று மாறாது, உராய்வும் குறைவு, கிரீஸே இல்லாமல்கூட ஓடும். வண்டி ஓடியபோது சத்தம் பாதியாகக் குறைந்தது. இதன் குறை என்னவென்றால் திடீர் அடியை நைலான் அளவுக்கு வாங்கிக்கொள்ளாது, தேய்வதற்குப் பதிலாக ஒரேயடியாக ஒடியும். நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. கல்லும் முள்ளும் பார்க்காமல் குதிக்க வைக்கிறவர்களுக்கு யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கூலியும் குறைவில்லை, ஒற்றைக் கியருக்கு மெஷின் செட் பண்ணும் நேரம் எல்லாம் அதில் சேரும்.

அளவைப் பற்றி ஒரு விஷயம். பல்லின் அளவை அங்குலக் கணக்கில் பிட்ச் என்று சொல்வார்கள். 0.8 மாட்யூலும் 32 பிட்ச்சும் ஒன்று போலத் தெரியும், 25.4-ஐ 32-ஆல் வகுத்தால் 0.794 வருகிறது, பினியன் அளவில் இந்த வித்தியாசம் ஓடிவிடும். ஆனால் 0.6 மாட்யூலும் 48 பிட்ச்சும் அப்படி இல்லை, 48 பிட்ச் 0.53-தான். பார்க்க ஒன்று போல இருக்கிறதே என்று கலந்து போட்டால் பல் போய்விடும். பினியன் ஆர்டர் செய்யும்போது இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அப்புறம் துளை. 540 மோட்டாரின் ஷாஃப்ட் 3.17 மில்லிமீட்டர், 380-க்கு 2.3 மில்லிமீட்டர். கிராஸ்ஹாப்பரை 540-க்கு மாற்றுகிறவர்கள் பழைய பினியனை எடுத்து இதில் போட முடியாது.

மூன்றாவது வழி, ஆரம்பத்தில் சொன்னேனே அது. கம்பெனி பிளாஸ்டிக் கியர், கடினப்படுத்திய ஸ்டீல் பினியன், புஷ் இருந்த இடமெல்லாம் 1150 பேரிங். 1150 என்றால் உள்துளை 5, வெளிவட்டம் 11, தடிமன் 4 மில்லிமீட்டர். இது எல்லாப் பேரிங் கடையிலும் கிடைக்கும் சமாச்சாரம், ஆர்.சி. கடையில் மட்டும்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ரப்பர் மூடி போட்டதையே கேட்டு வாங்குங்கள், தகர மூடி போட்டதில் நம் ஊர்ப் புழுதி சுலபமாக உள்ளே போய்விடும். பேரிங் உட்கார்ந்ததும் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலே கீழே ஆட்டிப் பாருங்கள். புஷ்ஷில் ஒரு நொடுக் நொடுக் தெரிந்திருக்கும், இப்போது ஒன்றும் தெரியாது. அந்த ஒரு மாற்றம்தான் கியரின் ஆயுளைக் கூட்டுகிறது.

பினியன் விஷயத்தில் பெரிய கியர் பிளாஸ்டிக்காகவும் பினியன் ஸ்டீலாகவும் இருப்பதுதான் சரியான ஜோடி. பினியனில் பல் குறைவு, பெரிய கியர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது பல சுற்றுச் சுற்றிவிடும், அதன் ஒவ்வொரு பல்லும் அத்தனை தடவை லோடு வாங்குகிறது. ஆகவே கடினம் அங்கேதான் தேவை. பினியன் வடிவம் மாறாமல் இருந்தால் எதிரில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லும் வடிவம் மாறாமல் இருக்கும். ஒரு சீசன் முழுக்க சில்வர் கேன் என்று சொல்லும் சாதாரண 540 மோட்டாரில், தேரிக்காட்டுச் செம்மண்ணில் ஓட்டியபின் திறந்து பார்த்தேன். பல்லின் மேல் பளபளப்பு கூடியிருந்தது, நுனி மழுங்கவில்லை, கருப்புப் பசை இல்லை. தேரி மண் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மாவு மாதிரி, எங்கே ஒரு இடுக்கு இருந்தாலும் நுழையும். அதையும் தாண்டி இப்படி இருந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. பினியன் திருகு கழன்றுவிடாமல் இருக்க லாக்டைட் போடுவோம். அதை மோட்டாரைக் கழற்றி வெளியே வைத்துக்கொண்டு போடுங்கள், ஒரு சொட்டு, திருகின் நுனியில் மட்டும், முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அந்தத் திரவம் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும், அன்றைக்கே தெரியாது, லோடு வரும்போது திருகுத் துளையைச் சுற்றிப் பிளந்துகொண்டு வரும். கழுவுவதும் அப்படித்தான், ஸ்டீல் கியரைப் பெட்ரோலில் கழுவலாம், பிளாஸ்டிக் ஓட்டை அதில் முக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும், நன்றாக உலரவிட்டு மாட்ட வேண்டும்.

கிரீஸ் அள்ளி அப்பாதீர்கள். இந்தக் கியர்பாக்ஸ் மூடியதுதான், ஆனால் புழுதி நுழையாத அளவுக்கு இறுக்கமானது இல்லை. அதிகக் கிரீஸ் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல்லின் மேல் மெல்லிய படலமாகத் தடவினால் போதும், டிஃபுக்குள் இருக்கும் பெவல் கியர்களுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக வைக்கலாம், அங்கே கொஞ்சம் கெட்டியான கிரீஸ் வைத்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் காற்றில் வெட்டியாகச் சுற்றுவதும் குறையும். ஓட்டின் இரண்டு பாதியும் சேரும் விளிம்பில் ஒரு மயிரிழை கிரீஸ் ஓட்டிவிட்டு மூடினால் அதுவே புழுதிக்கு அணை.

அப்படியானால் ஸ்டீல் செட்டை யார்தான் வாங்குவது? பிரஷ்லெஸ் மோட்டாரும் 2 செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் போட்டு ஓட்டுகிறவர்கள் வாங்கலாம். லிபோ முழுசாகச் சார்ஜ் ஆனால் 8.4 வோல்ட், அதைவிட முக்கியம் லோடு கேட்கும்போது வோல்டேஜ் சரியாமல் நிற்பது, பழைய ஆறு செல் நிக்கல் பேட்டரி கொடுத்த சலுகை இதில் கிடைக்காது. அந்த முறுக்குக்குப் பிளாஸ்டிக் கியர் தாங்காது என்பது உண்மை. ஆனால் அப்படிப் போடுகிறவர்கள் அதோடு நிறுத்த முடியாது, ஓட்டின் மோட்டார் பக்கத்துக்கு உலோகத் தகடு, நல்ல ஆக்சில், ஸ்பீடு கண்ட்ரோலில் பஞ்ச் அளவை, அதாவது கிளம்பும்போது வரும் இழுப்பை, குறைத்து வைப்பது எல்லாம் சேர்த்துச் செய்தால்தான் அர்த்தம். லஞ்ச் பாக்ஸ், பம்கின் வைத்திருப்பவர்களுக்கும் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன், அந்தப் பெரிய டயரின் கனமும் விட்டமும் கியர் மேல் ஏற்றுகிற சுமை ஹார்னெட்டின் சக்கரம் ஏற்றுவதைவிடக் கூடுதல்.

மற்ற பழைய வண்டிகளுக்கு இதே பதிலை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். 1983-ல் வந்த டாமியா ஃப்ராக் பக்கியில் முதலில் தேய்ந்தது பல் இல்லை, டிஃபிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அறுகோண மூட்டு, அது உருண்டையாகி வழுக்கும், 2005-ல் மறுபடி வந்தபோது டாமியாவே அதை வேறு வகை மூட்டாக மாற்றிவிட்டது. 1985-ல் வந்து 2016-ல் திரும்பி வந்த கியோஷோ ஆப்டிமாவில் முன் சக்கரத்துக்குச் சக்தி போவது செயினில், அங்கே பார்க்க வேண்டியது செயினின் தொய்வு. அசோசியேட்டட் ஆர்.சி.10-ன் ஆறு கியர் பெட்டி வேறு கதை, அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், பந்தயத்துக்கென்றே 1984-ல் பிறந்த வண்டி, அதில் மோட்டாரை நகர்த்தலாம், ஆகவே பல்லோடு பல் பொருந்தும் பிரச்சினையும் வேறு. எந்த வண்டியானாலும் முதலில் திறந்து, எது தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்கள்.

என் ஹார்னெட்டில் இப்போது இருப்பது கம்பெனி டிஃப் கியர், டெல்ரின் நடுக் கியர், ஸ்டீல் பினியன், சுற்றிலும் பேரிங். ஸ்டீல் செட் டப்பாவில் இருக்கிறது, நண்பர் ஒருவர் தன் பம்கினுக்குக் கேட்டிருக்கிறார், பிசிர் எடுத்ததுதான் என்பதால் அவருக்கு அந்த வேலை மிச்சம். விலைக்கு மதிப்பெண் போட வேண்டுமென்றால் ஸ்டீல் செட்டுக்கு ஐந்துக்கு இரண்டரை, அதில் அரை மார்க் உலோகத்தின் தரத்துக்காக. டெல்ரின் வேலைக்கு நாலரை. பேரிங்கும் ஸ்டீல் பினியனும் சேர்ந்த ஜோடிக்கு ஐந்து, யோசிக்காமல் கொடுப்பேன். டெல்ரின் கியர் சேர்ந்து வெட்டிக்கொள்ள ஆள் இருந்தால் சொல்லுங்கள், முதலில் பார்த்த பட்டறைக்காரர் பத்துக் கியருக்குக் குறைந்தால் மெஷினைத் தொட மாட்டேன் என்கிறார், இப்போதைக்கு நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம்.